திங்கட்கிழமை எங்கே வரும்?

7

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எஸ்டேட்டிலிருந்து வந்த பழுப்புக் கவரைப் பிரித்துப் படித்த பொன்னுமணி, வாயடைத்துப்போய் நின்றாள் அல்லவா? என்ன எழுதியிருக்கிறது என்று கணவன் ராக்கையா கேட்டான். மாமியார் கருத்தம்மாளும் கேட்டாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணையாம். உங்களை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள் பொன்னுமணி. மீதியை விழுங்கிக்கொண்டாள்.

மீதி இதுதான்: 'பாலம் திங்கட்கிழமை ஆடிக்கொண்டிருந்ததாக உம்முடைய கடிதத்தில் நீரே ஒப்புக்கொண்டிருக்கிறீர். தெரிந்திருந்தும் புதன்கிழமை அது ஒடிந்து விழும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறீர். உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது?'

ராக்கையா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. இருபது பேரைக் காய் பறிக்க அழைத்துப் போய் வேலை வாங்குவது அவன் பொறுப்பு. தோட்டத்து ஓடையின் மேலிருந்த மரப்பாலம் ஆடுகிறது என்று கணக்கப்பிள்ளை மொக்கச்சாமியிடம் ஒரு திங்கட்கிழமை அவன் சொன்னான். புதன்கிழமை மழையில் பாலம் ஒடிந்து, அன்னக்கொடி என்ற பெண்ணுக்குக் கால் முறிந்தது. முன்கூட்டியே சொன்னது உண்மையானால் எழுதிக் கொடு என்றார் மேனேஜர். அவர் கோட்டயத்துக்காரர். தமிழ் பேசினால் ஒருமாதிரி புரியும், படிக்கத் தெரியாது. இங்கிலீசில் வேண்டும் என்றார்.

போடியில் மனு எழுதித் தருகிறவர்கள் இல்லாமல் இல்லை. "அவங்க எதுக்கு? நான் எழுதுறேன்" என்று பேனாவை எடுத்தவள் பொன்னுமணி.

எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீசில் மட்டும் இரண்டு தடவை தவறியவள். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, மாமியாரின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டுடோரியலில் சேர்ந்து, வரும் அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். அந்தக் கடிதத்தை எழுதி முடித்தபோது அவளுக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ராக்கையா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே, "பரவால்லயே, அச்சடிச்ச மாதிரி இருக்கு புள்ள" என்று சொன்னான்.

அச்சடித்த மாதிரி இருந்த அந்த எழுத்துதான் இப்போது அவன் வேலைக்கு உலை வைத்திருக்கிறது.

எப்படி? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஜீப்பில் ராக்கையா கிளம்பினான். "பயப்படாத. உள்ளதைத்தான சொல்லியிருக்கோம்" என்று அவளுக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனான். அவன் தெரு முனையைத் திரும்பும்வரை நின்று பார்த்தவள், கடிதத்தின் வரைவு இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த மதீனாவிடம் ஓடினாள்.

மதீனாவும் அவளும் ஒரே டுடோரியல். மதீனாவும் இங்கிலீசில் தவறியவள்தான். ஆனால் அவள் தவறியது ஒரு தடவை. அதனால் பொன்னுமணியைவிடத் தனக்கு ஒரு படி கூடுதலாகத் தெரியும் என்ற நினைப்பு அவளுக்கு உண்டு.

"எந்த வரி?" என்றாள் மதீனா, மாவு படிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு.

பொன்னுமணி விரல் வைத்துக் காட்டினாள். ஐ டோல்ட் தி கிளார்க் தட் தி பிரிட்ஜ் வாஸ் ஷேக்கிங் ஆன் மண்டே.

"சரியாத்தானே இருக்கு?"

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். நேரத்தைச் சொல்ற வார்த்தை வாக்கியத்தோட கடைசியில வரணும்னு வாத்தியார் சொன்னாருல்ல? ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே. ஹி கேம் ஹியர் லாஸ்ட் வீக். அதே மாதிரிதான் மண்டேயையும் கடைசியில கொண்டுபோயி வச்சேன்."

மதீனா அந்த வரியை வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை பாதியில் நின்றாள்.

"ஏய் பொன்னு, திங்கக்கெழமை என்ன நடந்துச்சு? பாலம் ஆடுச்சா, ராக்கையா அண்ணன் போயிச் சொன்னாரா?"

"ரெண்டுந்தான்."

"அது நமக்குத் தெரியும். இதைப் படிக்கிறவனுக்கு? மண்டே எதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு பாரு. ஷேக்கிங் பக்கத்துல. அப்ப ஆடுனதுதான் திங்கக்கெழமை. சொன்னது எப்பன்னு இதுல எங்க இருக்கு? விழுந்தப்பறம் போயி, 'திங்கக்கெழமையே ஆடிட்டு இருந்துச்சு சார்'னு சொன்ன மாதிரியும் இருக்கே!"

பொன்னுமணி நோட்டை வாங்கி அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

ராக்கையா தமிழில் சொன்னது அவளுக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. 'பாலம் ஆடுதுன்னு கணக்கப்பிள்ளைட்ட திங்கக்கெழமையே சொல்லிட்டேன்.' அந்த 'யே' ஒன்று போதும், விஷயம் முடிந்துவிடும். கிழமையை எங்கே போட்டாலும் அந்த 'யே' அதைச் 'சொல்லிட்டேன்' பக்கம் இழுத்து வந்துவிடும். இங்கிலீசில் அந்த 'யே' கிடையாது. அங்கே வார்த்தை உட்காரும் இடம்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். ஒரு வினைச்சொல் உள்ள வாக்கியத்துக்குச் சொன்ன விதியை, இரண்டு வினைச்சொல் உள்ள வாக்கியத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டாள்.

"ஐ டோல்ட் தி கிளார்க் ஆன் மண்டேன்னு முதல்ல முடிச்சுக்கிட்டு, அப்பறமில்ல பாலத்துக்குப் போயிருக்கணும்" என்றாள் மெதுவாக.

"இல்லாட்டி ஆன் மண்டேன்னே ஆரம்பிச்சிருக்கலாம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக மண்டையில் ஏறாதது கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

"உங்க அண்ணன் ஜீப்பு எப்ப கெளம்புது?" என்று கேட்டாள் பொன்னுமணி.

"ஒன்பது மணிக்கு. எஸ்டேட்டுக்கு அரிசி லோடு."

வீட்டில் கருத்தம்மாள் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரிப்பது அவள் வேலை. பார்த்த மாத்திரத்தில் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துவிடும் கண். அந்தக் கண் மருமகள் முகத்தையும் பிரித்துப் பார்த்தது.

"என்னத்தா?"

"அத்தை, நான் மலைக்குப் போகணும்."

"நீ போயி என்ன செய்யப்போற?"

சொல்லாமல் இருந்துவிடலாம். காய்ச்சல், தலைவலி என்று ஏதாவது சொல்லிவிட்டும் போகலாம். பொன்னுமணி கவரை எடுத்துவந்து, எழுதியிருந்தது முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினாள்.

"அவரு சரியாத்தான் சொன்னாரு, அத்தை. தப்பு என் மேலதான். திங்கக்கெழமையைக் கொண்டுபோயி வேற எடத்துல வச்சுட்டேன்."

கருத்தம்மாள் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கெழமையை எடம் மாத்தி வச்சதுக்கா வேலை போகும்?"

"இங்கிலீசுல போகும், அத்தை."

"தெரியாத பாஷையில எதுக்குத்தா கை வச்ச? மனு எழுதுறவனுக்கு அஞ்சு ரூவா குடுத்திருந்தா அவன் பாட்டுக்கு எழுதிட்டுப் போறான். படிக்கிறேன் படிக்கிறேன்னு நோட்டைத் தூக்கிட்டுத் திரிஞ்சியே, இதுக்குத்தானா?"

பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் கருத்தம்மாளும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மண்டிக்குப் போகலையா, அத்தை?"

"இன்னிக்கு லீவு. ஒத்தையில மலையேறிப் போயி அத்தனை ஆம்பளைக முன்னாடி நிப்பியாக்கும். நட வெரசா."

மதீனாவின் அண்ணன் கலீபுல்லாவின் ஜீப் மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. பின்னால் அரிசி மூட்டைகளும் மண்ணெண்ணெய் டின்னும். முன்சீட்டில் மாமியாரும் மருமகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே போடி வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. அதைப் பார்க்கும் நிலையில் பொன்னுமணி இல்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வரைவில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. 'ஹி டோல்ட் டுமாரோ கார்பென்டர் வில் கம்.' நாளைக்கு ஆசாரியை வரச்சொல்றேன் என்று கணக்கப்பிள்ளை சொன்னதாக ராக்கையா சொல்லியிருந்தான். அதை எழுதப் போய்த்தான் அவள் தடுமாறினாள். கணக்கப்பிள்ளை சொன்ன அன்றைக்கு அது நாளை. அவள் எழுதுகிற அன்றைக்கு அது கடந்துபோன செவ்வாய். டுமாரோ என்று போடலாமா, கூடாதா? போட்டால் முதலிலா, கடைசியிலா? தப்பாக எழுதி மானம் போவதைவிட எழுதாமல் விட்டுவிடுவது மேல் என்று அடித்துவிட்டாள்.

"கலீபுல்லா, ஓடைப் பாலத்துக்கு ஆசாரி யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க வந்தாரு, அக்கா? திங்கக்கெழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளை எங்கிட்டத்தான் சொன்னாரு, கீழ போயி ஆசாரியைக் கையோட கூட்டிட்டு வான்னு. போனா, அவரு தேவாரம் ஊருல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாராம். செவ்வாக்கெழமை வந்து அதைச் சொன்னேன். சரி, நாளைக்கிப் பாப்போம்னாரு. மறுநாளு பாலம் போயிருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"இதை அங்க வந்து சொல்லுவியாய்யா?" என்றாள் கருத்தம்மாள்.

"ஆத்தா, என்னைய இதுல இழுக்காதீங்க. லோடு குடுக்கிறதே கணக்கப்பிள்ளைதான். நாளைக்கே வேற ஜீப்பைக் கூப்பிட்டாருன்னா என் பொழப்பு என்ன ஆகும்? இந்த வண்டிக்கு இன்னும் தவணை முடியலை."

கருத்தம்மாள் வாயைத் திறக்குமுன் பொன்னுமணி அவள் கையைப் பிடித்தாள். "விடுங்க, அத்தை. நான் செஞ்ச தப்பை நான் சரி பண்றேன். அவன் பொழப்பை எதுக்குக் கெடுக்கணும்?"

குளிர் உறைக்கத் தொடங்கியது. ஏலக்காய் வாடை ஜீப்புக்குள் வந்தது.

எஸ்டேட் ஆபீஸ் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். "நீ போ, வர்றேன்" என்று கருத்தம்மாள் ஜீப்பருகே நின்றுவிட்டாள். மேஜைக்குப் பின்னால் மேனேஜர் குரியாக்கோஸ், மூக்கின் நுனியில் கண்ணாடியோடு அமர்ந்திருந்தார். ஒரு பக்கம் கணக்கப்பிள்ளை மொக்கச்சாமி. எதிரே ராக்கையா, கையில் துண்டைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றான்.

கதவருகே பெண்டாட்டியைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. "நீ எங்க வந்த?"

"ஆரு இது?" என்றார் மேனேஜர்.

"நான் அவரு சம்சாரம், சார். அந்தக் கடுதாசியை எழுதுனது நான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். ராக்கையாவைப் பார்த்தார். "இப்பத்தானே நீ எழுதியதுன்னு சொன்னது?"

ராக்கையா தரையைப் பார்த்தான்.

பொன்னுமணி அவனையே பார்த்தாள். எழுத்தில் வந்த தப்பு என்று அவனுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். என் சம்சாரம் எழுதினது, எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தன் பெயர் மட்டுமே எழுதத் தெரிந்த மனுஷன், இங்கிலீஷ் கடிதத்தை நானே எழுதினேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறான்.

மேஜையருகே போய், தன் கடிதத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மேனேஜர் நகர்த்தி வைத்தார். 12.9.81 என்று மேலே அவளே போட்ட தேதி.

"சார், இந்த வரியில மண்டே கடைசியில இருக்கு. அதனால பாலம் ஆடுன நாளுதான் இதுல தெரியுது. சொன்ன நாளு தெரியலை. அவரு எங்கிட்ட சொன்னது அப்படி இல்லை. திங்கக்கெழமையே சொன்னேன்னாரு. நான் இப்படி எழுதியிருக்கணும்." நோட்டில் ஜீப் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். ஆன் மண்டே, ஐ டோல்ட் தி கிளார்க் தட் தி பிரிட்ஜ் வாஸ் ஷேக்கிங்.

மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"ஒரு வாக்கு அங்கோட்டு இங்கோட்டு மாறி. இது சரி. ஆனா பாரு அம்மா, வேலை போகும்னு வந்தா எல்லாரும் பின்னால மாத்திப் பறையும். உன்னோட திங்களாழ்ச்சை முன்னால வந்ததுனால அது சத்தியம் ஆகுமா?"

நியாயமான கேள்விதான். இலக்கணம் வாக்கியத்தைத் திருத்தும். நடந்ததை நிரூபிக்குமா?

அவர் நோட்டின் பக்கத்தைப் புரட்டினார். அடித்திருந்த வரியில் விரல் நின்றது. "இது எந்தா?"

"கணக்கப்பிள்ளை, நாளைக்கு ஆசாரியை வரச்சொல்றேன்னாராம், சார்."

"இத்தனை முக்கியமானதை ஏன் வெட்டினது?"

"டுமாரோவை எங்க வைக்கிறதுன்னு தெரியலை, சார். அவரு சொன்னப்ப அது நாளைக்கு. நான் எழுதுறப்ப அது போயிப்போச்சு. தப்பாயிரும்னு பயந்து அடிச்சுட்டேன்."

மேனேஜர் மொக்கச்சாமி பக்கம் திரும்பினார். "கணக்கப்பிள்ளை, ஆசாரிக்குச் சொல்லி விட்டதா?"

"இல்லை, சார். எங்கிட்ட எதுவும் வரலை. விழுந்தப்பறம்தான் எனக்கே தெரியும்" என்றார் மொக்கச்சாமி. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பொன்னுமணி ஜன்னல் பக்கம் பார்வை போகாமல் அடக்கிக்கொண்டாள். வெளியே ஜீப் நிற்கிறது. அதில் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரைச் சொன்னால் போதும். சொல்லவில்லை.

"வேற ஆரும் இல்லை அல்லே?" என்று மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"நான் இருக்கேன், சார்."

வாசலில் கலீபுல்லா நின்றிருந்தான். அரிசி மூட்டை இறக்கிய மாவு தோளில் ஒட்டியிருந்தது. உள்ளே வரும்போது கால் தயங்கியது. வாய் தயங்கவில்லை.

"ஏழாந்தேதி திங்கக்கெழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளைதான் எங்கிட்ட ஆசாரியைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஓடைப் பாலம் ஆடுதுன்னு கங்காணி சொல்றாரு, வெரசா கூட்டிட்டு வான்னாரு. ஆசாரி ஊருல இல்லைன்னு செவ்வாக்கெழமை காலையில வந்து சொன்னேன். எனக்கு லோடு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. நடந்தது இதுதான்."

மொக்கச்சாமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன். பத்து விநாடியில் இன்னும் பத்து வயது கூடிவிட்டது போலிருந்தது.

"ஒரு நாளுதான, பாத்துக்குவோம்னு விட்டுட்டேன், சார்" என்றார். "விழுந்துட்டுதுன்னு வந்து சொன்னப்ப கை காலு ஓடலை. எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக. தெரியாதுன்னு ஒரு வார்த்தை வாயில வந்துருச்சு. அப்பறம் அதை மாத்த முடியலை." ராக்கையாவைப் பார்த்துக் கையெடுத்தார். ராக்கையா பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, கங்காணிக்கு அனுப்பிய கவரைப் பொன்னுமணியிடமிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தார். "கங்காணி நாளைக்கு வேலைக்கு வா. புதுப் பாலம் போடும்போது நீ கூட நிக்கணும். கணக்கப்பிள்ளையோட காரியம் முதலாளி தீர்மானிக்கட்டும்." பொன்னுமணியின் முன்னால் வெள்ளைத் தாளை நகர்த்தினார். "நீ இது முழுக்க மாத்தி எழுது. இங்கே இருந்தே."

நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். திங்கட்கிழமையை வாக்கியத்தின் வாசலிலேயே நிறுத்தினாள். அடித்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. டுமாரோ. கொஞ்சம் யோசித்தாள். அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டுவானேன்? கிழமையின் பெயரையே போட்டாள். ஹி செட் தட் தி கார்பென்டர் வுட் கம் ஆன் டியூஸ்டே. கடைசியில் போட்டாள். இங்கே கடைசிதான் சரி. டியூஸ்டே, வரவேண்டிய ஆசாரியின் பக்கத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர் படித்தார். ஓர் இடத்திலும் பேனா வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு மடித்தார்.

"முதலாளி கொச்சியிலிருந்து வரும். அன்னக்கொடிக்கு என்ன செய்யணும்னு அவர்தான் தீர்மானிக்கிறது. நீயும் வந்து அவர்கிட்ட நேரே இதைப் பறையணும். எழுதிய ஆள் இல்லாதெ அவர் சம்மதிக்கில்ல. அக்டோபர் எட்டாம் தேதி, வியாழன், காலை பத்து மணி."

"வர்றேன், சார்" என்றாள் பொன்னுமணி. அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

வெளியே வெயில் வந்திருந்தது. ராக்கையா அவளை நிமிர்ந்து பார்த்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவனுக்குப் பேச வராது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இடுப்பில் முடிந்திருந்த தன் சோத்துப் பொட்டலத்தை அவிழ்த்து அவள் கையில் வைத்தான்.

கருத்தம்மாள் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அத்தை, கலீபுல்லாட்ட என்ன சொன்னீங்க?" என்று காதோடு கேட்டாள் பொன்னுமணி.

"ஒண்ணும் சொல்லலையே. அன்னக்கொடியை நீதானப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன, வழியெல்லாம் ரொம்பக் கத்துனாளான்னு கேட்டேன். பேசாம மூட்டையை எறக்கிப் போட்டுட்டு உள்ள போயிட்டான்." பிறகு, "என்ன ஆச்சு உள்ள? வேலை இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு, அத்தை. எட்டாந்தேதி மொதலாளி வர்றாராம். என்னைய வந்து சொல்லச் சொல்லியிருக்காங்க. வர்றேன்னுட்டேன்."

"எந்த எட்டாந்தேதி?"

"அக்டோபரு. காலையில பத்து மணிக்கு." சொல்லி முடித்ததும் பொன்னுமணியின் முகம் மாறியது.

"அன்னிக்கு உனக்குப் பரீட்சையில்ல?" என்றாள் கருத்தம்மாள்.

பொன்னுமணி ஆச்சரியத்துடன் அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலண்டருல சுழிச்சு வச்சிருக்கியே. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நம்பரும் தெரியாதாக்கும்?"

ராக்கையா தலையைச் சொறிந்தான். "இப்ப என்ன செய்யிறது? போகாட்டா அன்னக்கொடி காரியம் கெட்டுப்போகும்."

"பரவால்லங்க. மார்ச்சுல எழுதிக்கிறேன்" என்றாள் பொன்னுமணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நோட்டை மார்போடு அணைத்திருந்த கை தளரவில்லை.

கருத்தம்மாள் மகனையும் பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீஸ் படியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போற?"

"அந்த மனுசன் சோத்துல கை வைக்கிறதுக்குள்ள, தேதியை மாத்த முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். பொறுங்க."

"அவருக்கு நீ பேசுறது புரியாதும்மா!"

"புரியவைக்கிறேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். கலீபுல்லா, அப்போதுதான் கிளப்பிய என்ஜினை அணைத்தான்.